துறைமுக பைலட் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறைமுகத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கப்பலைப் பற்றிக் கேட்பார். கன்டெய்னரைப் பற்றிக் கேட்பார், கிரேனைப் பற்றிக் கேட்பார். கப்பலை உள்ளே கொண்டுவரும் ஆளைச் சுமந்து செல்லும் அந்தச் சிறிய படகைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. அபூர்வமாகக் கேட்டவர்களின் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கப்பலுக்கு எதற்குப் பைலட்? பைலட் என்றால் விமானி அல்லவா?

அந்தச் சொல் முதலில் கடலுக்குத்தான் சொந்தம். விமானக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். மணல்மேடு எங்கே இருக்கிறது, நீரோட்டம் எந்த வேளையில் எந்தப் பக்கம் தள்ளும், வாயிலில் எப்போது திருப்பத் தொடங்க வேண்டும் என்று ஒரு குறிப்பிட்ட துறைமுகத்தைக் கரைத்துக் குடித்த மூத்த மாலுமிதான் துறைமுக பைலட். வெளிநாட்டுக் கேப்டன் சென்னை வாயிலை வருடத்தில் ஒரு முறை பார்த்தால் அதிகம். பைலட்டுக்கு அது வீட்டு வாசல். 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம், 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் பைலட்டோ துறைமுக அதிகாரியோ இன்றி நகரக் கூடாது என்றே விதித்தது. பைலட் ஏறிவிட்டாலும் கப்பலின் பொறுப்பு கேப்டனைவிட்டுப் போவதில்லை.

தமிழில் மீகாமன் என்ற அழகான பழஞ்சொல் இருக்கிறது. ஆனால் துறைமுக வாசலில் போய் ‘மீகாமன் படகு எங்கே நிற்கும்?’ என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். எனவே பைலட் படகு என்றே எழுதுகிறேன்.

ஆளைக் கொண்டுபோய் விடுகிற படகுதானே? அதற்கு ஏன் தனி வடிவமைப்பு?

போகிற வழிக்கு எந்த நல்ல படகும் போதும். ஆள் படகிலிருந்து கப்பலுக்கு மாறும் அந்தப் பத்து விநாடிக்குத்தான் தனிப் படகு தேவைப்படுகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்து இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டர் நீளமுள்ள கப்பல் மணிக்கு ஏழெட்டுக் கடல் மைல் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நின்றுவிட்டால் சுக்கான் பிடிக்காது, அதனால் நிற்காது. சற்றே திரும்பி, காற்றையும் அலையையும் ஒரு விலாவில் வாங்கிக்கொண்டு, மறு விலாவில் கொஞ்சம் அடங்கிய நீரை உண்டாக்கித் தருகிறது. அந்த மறைவுக்குள் படகு ஓடி வந்து, கப்பலின் வேகத்துக்குத் தன் வேகத்தைப் பொருத்தி, விலாவோடு தோளை ஒட்டிக்கொள்கிறது. மேலிருந்து கயிற்றேணி தொங்குகிறது. படகு அலையோடு ஏறி இறங்குகிறது. கப்பலோ சுவர்போல அப்படியே இருக்கிறது. பைலட் ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி இரண்டு மூன்று அலைகளைப் பார்க்கிறார். படகு உச்சிக்கு வந்து ஒரு கணம் தயங்கும்போது கால் ஏணிக்கு மாறுகிறது. பள்ளத்தில் இருக்கும்போது ஏறினால், அடுத்த அலையில் படகு மேலெழுந்து காலை நசுக்கிவிடும். அவர் எட்டாத உயரத்துக்குப் போனதும் படகு விலகிவிடும்.

கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் காட்சியைச் சுற்றியவைதான்.

எவ்வளவு நீளம், என்ன வேகம்?

பெரும்பாலானவை 12 முதல் 20 மீட்டர். இரண்டு டீசல் எஞ்சின்கள். நவீன படகுகள் மணிக்கு 20 முதல் 28 கடல் மைல் ஓடும். அதாவது ஏறத்தாழ 37 முதல் 52 கிலோமீட்டர். இரண்டு எஞ்சின் என்பது வேகத்துக்காக மட்டுமல்ல. கப்பலின் விலாவில் ஒட்டி நிற்கும் நேரத்தில் ஒன்று அணைந்தாலும் மற்றொன்று படகை வெளியே இழுக்க வேண்டும்.

அடிப்பாகம் ஏன் கத்திபோல் கூராக இருக்கிறது?

தட்டையான அடி, அலை மேல் பலகையை அறைந்தாற்போல் விழும். ஆங்கில ‘வி’ எழுத்து வடிவ அடி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்குவதால் அதிர்ச்சி குறையும். இந்தச் சரிவு பின்முனைவரை 20 டிகிரியை ஒட்டித் தொடரும்படி வைத்தால் ஆழ்-வி அடி என்பார்கள். இதற்கு விலை உண்டு: தட்டை அடியைவிட எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், நின்ற இடத்தில் அதிகம் உருளும். ஆனாலும் குலுங்கிக் குலுங்கி முதுகு விட்டுப்போன பைலட், முப்பது அடி ஏணியில் ஏறி, உடனே ஒரு பெரிய கப்பலுக்கு உத்தரவு சொல்லும் நிலையில் இருக்க வேண்டும் அல்லவா? எரிபொருள் கணக்கு பார்க்கும் அதிகாரிகளை ஒருமுறை மழைக்காலத்தில் தட்டை அடிப் படகில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சில புதிய படகுகளின் அணியம், அதாவது முன்முனை, பறவையின் அலகுபோல் முன்னே நீண்டிருக்கும். அலை மேல் தாவாமல், அதைத் துளைத்துக்கொண்டு போவதற்கான அமைப்பு அது. பிரான்சின் பான்டோகரீன் வடிவமைப்பு நிறுவனம் இந்த வகைக்குப் பெயர்பெற்றது.

எதில் கட்டுவது நல்லது? அலுமினியமா, ஃபைபரா, இரும்பா?

இரும்பு உறுதியானது, கனமானது, துருப்பிடிக்கும். பழைய லாஞ்சுகள் பல இரும்பில் கட்டியவை. மணிக்குப் பத்துக் கடல் மைல் போனாலே பெரிது. பனிக்கட்டி மிதக்கும் கடல்களில் இன்றும் இரும்புக்கு இடமுண்டு.

கடல் தர அலுமினியக் கலவை (5083 என்ற எண்ணுள்ள தகடு பெரிதும் பயன்படுகிறது) இலகுவானது. அடிபட்டால் உடையாமல் நசுங்கும், வெட்டி ஒட்டலாம். ஆனால் அதை வெல்டிங் செய்யக் கை பழகிய ஆள் வேண்டும். வேறு உலோகத்தோடு கடல்நீரில் சேர்ந்தால் அரித்துப்போகும் என்பதால் துத்தநாகக் கட்டிகளைத் தவறாமல் மாற்ற வேண்டும். ஒரு பித்தளை வால்வை இன்சுலேஷன் இல்லாமல் பொருத்தியதால் ஓட்டை விழுந்த அடித்தகட்டைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். எலி கடித்ததுபோல் இருந்தது.

ஃபைபர் படகைப் பழுதுபார்க்க நம் கடற்கரை நெடுகிலும் ஆள் உண்டு. ஒரே அச்சில் ஐந்தாறு படகு எடுப்பதாக இருந்தால் மலிவும்கூட. நீங்கள் என்னைக் கேட்டால், பட்டறை வசதி உள்ள பெரிய துறைமுகத்துக்கு அலுமினியம், சிறிய துறைமுகத்துக்கு ஃபைபர் என்பேன்.

சுற்றிலும் தடித்த கறுப்பு ரப்பர் எதற்கு?

மற்ற படகுகள் கப்பலில் மோதாமல் இருக்க முயலும். பைலட் படகு ஒரு ஷிப்டில் பல முறை வேண்டுமென்றே போய் மோதுகிறது. அந்த அடியை வாங்குவது ஃபெண்டர் என்னும் அந்த ரப்பர் பட்டைதான். சில படகுகளில் ரப்பருக்குப் பதில் உள்ளே ஸ்பான்ஞ்சு, வெளியே பாலியூரித்தேன் தோல் என்று இருக்கும், எடை குறைவு.

ஃபெண்டர் எங்கே தடிமனாக இருக்கிறது என்று பாருங்கள். அணியத்துக்குச் சற்றுப் பின்னே, தோள்பட்டையில்தான். படகு கப்பலைத் தொடும் இடம் அதுதான். ஃபெண்டர் அதிகமாக ஒட்டிப் பிடிக்கவும் கூடாது. கப்பலின் விலா ஈரமாக, வழுவழுப்பாக, மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும்போது ரப்பர் அதைக் கவ்விக்கொண்டால் படகு சாய்ந்துவிடும். எனவே அடி தாங்கவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் வடிவம். அது படகின் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, மேலே போகப் போகக் குறுகியிருக்கும். கப்பல் படகின் பக்கமாக உருளும்போது கூரை கப்பலில் இடிக்கக் கூடாது. ஆன்டெனா, ரேடார் எல்லாம் நட்டநடுவில் நிற்பதும் இதனால்தான். உல்லாசப் படகைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தோள் இல்லாத ஆள் போலத் தெரியும். அழகு பார்த்து அகலமாகக் கட்டினால் முதல் மாதத்திலேயே கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும்.

வீல்ஹவுஸ் கூரையில் ஏன் ஜன்னல்?

படகோட்டி பார்க்க வேண்டிய ஆள் அவர் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறார். முன் கண்ணாடியில் தெரிவது கப்பலின் இரும்புச் சுவர் மட்டுமே. கூரைக் கண்ணாடி இல்லாத படகில் ஓட்டியவர்கள் கழுத்தை வெளியே நீட்டித்தான் பார்ப்பார்கள்.

உள்ளே இருக்கும் இருக்கைகளையும் கவனியுங்கள். லாரி ஓட்டுநர் இருக்கைபோல் ஸ்பிரிங்கும் டேம்பரும் வைத்து, அலையின் உதையை வாங்கும்படி செய்தவை. பெல்ட்டும் உண்டு. நல்ல படகுகளில் வீல்ஹவுஸே அடிப்படகோடு நேராக இணைக்கப்படாமல் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் அதிர்வும் சத்தமும் பாதி வழியில் நின்றுவிடும். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, கப்பலிலிருந்து ஆட்களைக் கரைசேர்த்த மசூலா படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். கரையலை அடிக்கும்போது விறைத்து நிற்காமல் நெகிழ்ந்து கொடுப்பதற்காக. ரப்பர் தாங்கியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுகளைக் கட்டிய ஓடாவிகளின் ஞாபகம் வரும்.

இரவில் உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். வெள்ளை விளக்கில் இருந்த கண்ணுக்கு வெளியே இருட்டு பழகப் பல நிமிடங்கள் ஆகும்.

மேல்தளத்தில் என்ன இருக்க வேண்டும்?

எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் சரியான பதில். கயிற்றுச் சுருள், வாளி, நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி எல்லாமே கால் இடறும் பொருள்கள். வழுக்காத பூச்சு பூசிய அகலமான பக்கத்தளம், கை எட்டும் இடத்திலெல்லாம் கம்பி, அந்தக் கம்பியோடு ஓடும் தண்டவாளம் ஆகியவை வேண்டும். மாலுமி தன் இடுப்பு வாரை அந்தத் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால், கதவிலிருந்து அணியம்வரை கழற்றாமலே நடந்து போகலாம். குளிர்நாடுகளில் கம்பிக்குள்ளும் தளத்துக்கடியிலும் சூடேற்றும் வசதி வைத்துப் பனி உறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு துறைமுகத்தில் (பெயர் வேண்டாம்) புதிய படகின் தொடக்க விழாவுக்காக வழுக்காத பூச்சின் மேலேயே பளபளக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். புகைப்படத்தில் நன்றாகத்தான் இருந்தது. மாலை போட வந்தவரே வழுக்கி உட்கார்ந்ததால் மறுநாளே சுரண்ட ஆள் வந்தது.

புரொப்பல்லர் நல்லதா, வாட்டர் ஜெட் நல்லதா?

வாட்டர் ஜெட் தண்ணீரை உள்ளிழுத்துப் பின்னால் பீய்ச்சும். சுழலும் இதழ் வெளியே இல்லாததால் தண்ணீரில் விழுந்தவருக்கு ஆபத்து குறைவு. ஆழமில்லாத இடத்திலும் போகலாம். சட்டென்று நிற்கும், நின்ற இடத்தில் திரும்பும். ஆனால் மெதுவாகப் போகும்போது பிடிமானம் குறைவு, நெகிழிப் பையையும் கிழிந்த வலையையும் உறிஞ்சிக்கொள்ளும். புரொப்பல்லரும் சுக்கானும் பழைய முறை. எளிமையானது, எவரும் பழுதுபார்க்கலாம், தள்ளும் வலு உண்டு. படகின் அடியில் தொங்கும் கூடு புரொப்பல்லரோடு சேர்ந்தே திரும்பும் பாட் வகை இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. நம் கடற்கரையில் மிதக்கும் குப்பையைப் பார்த்த பிறகு நான் புரொப்பல்லர் கட்சி.

படகு கப்பலோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நகரும் கப்பல் தன்னைச் சுற்றி நீரின் அழுத்தத்தை மாற்றுகிறது. அணியத்தருகே நீர் வெளியே தள்ளும். நடுவிலாவில் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் நிற்கும் படகு விலகச் சுக்கானைத் திருப்பினால், அணியம் வெளியே போகும் முன்பே பின்பக்கம் கப்பலை நோக்கித் தள்ளப்படும். அதனால் அவசரமாகத் திருப்பாமல், சிறிது வேகம் கூட்டி, மெல்ல அணியத்தை வெளியே எடுப்பார்கள். இந்த நேரத்தில் கைகொடுப்பதற்காகவே எஞ்சினுக்கு உபரி வலு வைக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கும் நாளில் மணிக்கு எத்தனை மைல் போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்களுக்கு இது தெரிவதில்லை.

யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால்?

படகின் பின்முனையில் ஹைட்ராலிக் மேடை ஒன்று நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும். விழுந்தவரை அதன் மேல் வாங்கி அப்படியே மேலே தூக்குவார்கள். நனைந்த உடையோடு இருக்கும் ஆளை இரண்டு பேர் கையால் இழுத்து ஏற்றுவது அலையில் நடக்காத காரியம். மேடை இருக்கும் இடத்துக்கு அருகிலேயே இரண்டாவது கட்டுப்பாட்டு நெம்புகோல்கள் இருந்தால், படகோட்டி விழுந்தவரைப் பார்த்துக்கொண்டே படகை நகர்த்தலாம். பைலட்டின் உயிர்காப்பு மேலங்கி நீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும். அதில் விளக்கும், இருப்பிடத்தை அறிவிக்கும் சிறு கருவியும் இருக்கும்.

கவிழ்ந்தால் தானாக நிமிருமா?

எல்லாப் படகும் நிமிராது. அதற்கென்று வடிவமைத்தவை நிமிரும். எஞ்சினும் டாங்கியும் அடியில் தாழ்வாக இருக்கும். நீர் புகாத வீல்ஹவுஸ் மேலே காற்றுப்பை போல் இருக்கும். தலைகீழாகக் கிடக்கும் நிலை அதற்கு நிலைக்காது, உருண்டு எழுந்துவிடும். கட்டிய பிறகு கிரேனில் வார் போட்டுப் படகைத் தலைகீழாகப் புரட்டி, எழுகிறதா என்று சோதிப்பார்கள். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரம், அயர்லாந்தின் அட்லாண்டிக் கரை போன்ற இடங்களுக்கு இது அவசியம்.

இவையெல்லாம் கதவு மூடியிருக்கும்வரைதான். ஏசி பழுதாகி, காற்றுக்காகக் கதவைக் கயிறு போட்டுத் திறந்து கட்டியிருக்கும் படகு, எந்த நாட்டில் வடிவமைத்திருந்தாலும் நிமிராது.

இரவில் எப்படி அடையாளம் காண்பது?

மேலே வெள்ளை, கீழே சிவப்பு. எல்லாத் திசையிலும் தெரியும் இரண்டு விளக்குகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. பைலட் பணியில் இருக்கும் படகுக்குச் சர்வதேச விதி கொடுத்த அடையாளம் அது. மூடுபனியில் நான்கு குறுகிய ஊதல் கொடுக்கலாம். பகலில் பக்கத்தில் பெரிதாக ஆங்கிலத்தில் பைலட் என்று எழுதியிருக்கும். கப்பலில் பாதி வெள்ளை பாதி சிவப்புக் கொடி பறந்தால் பைலட் ஏறிவிட்டார். மஞ்சளும் நீலமுமாக வரிவரியாக இருந்தால் பைலட் வேண்டும் என்கிறது.

ஏணி படகினுடையதா?

இல்லை, கப்பலுடையது. விபத்துகள் அதிகம் தொடங்கும் இடமும் அதுதான். சோலாஸ் என்னும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயம், 23-ஆம் விதி இதைப் பற்றியது. பைலட் கயிற்றேணியில் 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. கப்பலின் விலா அதைவிட உயரமானால், சாய்வுப் படிக்கட்டையும் கயிற்றேணியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஏணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 1.8 மீட்டர் நீளமுள்ள குறுக்குச் சட்டங்கள் இடையிடையே வர வேண்டும். 2019 டிசம்பர் இறுதியில் நியூயார்க் துறைமுக வாயிலில் அனுபவமிக்க பைலட் ஒருவர் இத்தகைய சேர்த்துக் கட்டிய ஏணியில் ஏறும்போது விழுந்து இறந்தார். படகு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேலே ஏணியைக் கட்டிய முடிச்சைப் படகிலிருந்து பார்க்க முடியாது.

வேறு வகைப் படகுகளும் உண்டா?

ஜெர்மனியின் எல்பே ஆற்று வாயிலில் ஸ்வாத் வகைப் படகுகளைப் பார்க்கலாம். நீருக்கடியில் டார்பிடோ போன்ற இரண்டு உருளைகள், அவற்றின் மேல் மெல்லிய கால்கள், அதற்கும் மேலே வீடு. மிதப்பில் பெரும்பகுதி அலைக்குக் கீழே இருப்பதால் மேலே குலுக்கல் மிகக் குறைவு. விலையும் ஆழத் தேவையும் அதிகம். கொலம்பியா முகத்துவாரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து பைலட்டைக் கம்பிவடத்தில் இறக்கிவிடுகிறார்கள்.

மின்சாரப் படகு ஏன் இன்னும் பரவவில்லை?

கணக்கைப் பாருங்கள். இரண்டு 500 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் ஏறத்தாழ 746 கிலோவாட். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட 373 யூனிட் மின்சாரம் வேண்டும். டீசலில் அது சுமார் 80 கிலோ எடை. ஒரு யூனிட்டுக்குப் பத்துக் கிலோ பேட்டரி என்று வைத்தால் மூன்றே முக்கால் டன். அந்த எடையோடு படகு அலை மேல் எழும்புவது கடினம். ஆனால் பைலட் படகு பாதி நேரம் கப்பலுக்காகக் காத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும் படகு. அந்த நேரத்துக்கு மட்டும் மின்சாரம் என்றால் பொருத்தம்தான். லண்டன் துறைமுக ஆணையத்தின் ‘லீடர்’ படகு டீசலும் பேட்டரியும் கலந்தது.

வெளிநாட்டு வடிவமைப்பு நம் கடலுக்கு அப்படியே பொருந்துமா?

அடிப்பாகம் பொருந்தும், மற்றவற்றை மாற்ற வேண்டும். நம் கடல்நீர் வெதுவெதுப்பானது. எஞ்சினைக் குளிர்விக்கும் கருவி பெரிதாக இருக்க வேண்டும். ஓடுள்ள சிறு கடலுயிரியான கொட்டலசு அடியில் அப்பினால் வேகம் கண்ணெதிரே குறையும். சொறிமீன் கூட்டமாக வரும் நாட்களில் கடல்நீர் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை எஞ்சினை நிறுத்தாமலே மாற்றிச் சுத்தம் செய்ய இரட்டை வடிகட்டி வேண்டும். தளத்தைச் சூடாக்கும் கருவிக்குப் பதில், வெயிலில் கம்பி கையைச் சுடாமலிருக்க என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டும்.

படகில் எத்தனை பேர்?

படகை ஓட்டும் சராங்கு, எஞ்சின் டிரைவர், தளத்தில் ஒன்றிரண்டு மாலுமிகள். பைலட்டின் பை ஒரு கயிற்றில் தனியாக மேலே போகும். பையோடு ஏறுவது ஆபத்து. இன்று அந்தப் பையில் அவருடைய சொந்த வழிகாட்டும் கருவியும் டேப்லெட்டும் இருக்கும்.

பொதுமக்கள் பார்க்க முடியுமா?

துறைமுகத்துக்குள் அனுமதி கிடைப்பது கடினம். ஆனால் இரவில் மெரினாவில் உட்கார்ந்து வடக்கே, துறைமுக வாயிலுக்கு வெளியே பைனாகுலரில் பாருங்கள். நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் அசையாமல் இருக்கும். அவற்றுக்கிடையே வெள்ளையும் சிவப்புமாக இரண்டு விளக்குகள் வேகமாக நகர்ந்தால் அதுதான். நகரும் ஒரு கப்பலின் விளக்குகளோடு அவை ஒட்டினாற்போல் ஆகி, சிறிது நேரத்தில் பிரிந்து கரையை நோக்கித் திரும்பினால், ஆள் ஏறிவிட்டார்.